காவல் துறையும் செயற்கை நுண்ணறிவும்: நெறிப்படுத்தும் சட்டங்களில் சொற்பொருள் எல்லைகள்

1. முன்னுரை

காவல் துறையினர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கையாளும் முறையை நெறிப்படுத்தும் முயற்சி அண்மைக் காலத்தில் பல நாடுகளில் மேற்கொள்ளப்பட்டு வருகிறது. முகங்களை ஒப்பிட்டு ஆளைத் தேடும் மென்பொருளும், குற்றம் புரியக்கூடியவர் இன்னார் என முன்கூட்டிக் கணிக்கும் மென்பொருளும் இக்கருவிகளுள் முதன்மையானவை. இவை பற்றிய விவாதம் பெரும்பாலும் சட்டவியலாரிடையேயும் கணிப்பொறி வல்லுநரிடையேயும் நடைபெறுகிறது. ஆயினும் விவாதத்தின் முடிச்சுகள் பல சொற்பொருள் சார்ந்தவை. ஒரு கருவி ஒருவரை 'அடையாளம் கண்டது' எனக் கூறுவதா, அவரை 'ஒத்திருப்பதாகக் காட்டியது' எனக் கூறுவதா என்பதில் ஒரு மனிதரின் விடுதலை அடங்கியிருக்கக் கூடும்.

சட்டம் தான் தடுக்க விரும்பும் செயலைச் சொல்லால் வரையறுத்தே தடுக்கிறது. வரையறை நெகிழ்ந்தால் தடையும் நெகிழும். மூலத்தில் இறுக்கமாக அமைந்த வரையறை மொழிபெயர்ப்பில் நெகிழ்ந்துபோவதும் உண்டு. இக்கருத்தை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர வழக்கு, பிரித்தானியாவின் பிரிட்ஜஸ் வழக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், இந்தியச் சட்டங்கள் சில ஆகியவற்றைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கருவியின் வெளியீடு

சொற்களை ஆராயுமுன் அவை குறிக்கும் செயலை அறிதல் வேண்டும். முகமறி மென்பொருள் ஒரு முகப்படத்தை எண்களின் தொகுதியாக மாற்றுகிறது. இவ்வாறு மாற்றப்பட்ட இரு தொகுதிகளை ஒப்பிட்டு, அவை எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதை ஓர் எண்ணாகத் தருகிறது. இவ்வெண்ணை 'ஒப்புமை மதிப்பு' எனலாம். ஒப்புமை மதிப்பு எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை எழ வேண்டும் என்பதைக் கருவியைப் பயன்படுத்துவோர் முடிவு செய்கின்றனர். இதனை 'வரம்பு மதிப்பு' எனலாம். வரம்பை உயர்த்தினால் பொய்யான எச்சரிக்கைகள் குறையும். ஆனால் தேடப்படுபவர் தப்பிவிடும் வாய்ப்புக் கூடும். வரம்பைத் தாழ்த்தினால் இதற்கு மாறான விளைவு ஏற்படும்.

ஒப்பிடும் செயல் இருவகைப்படும். ஒருவர் தம்மை இன்னார் எனக் கூறிக்கொள்ள, அவர் கூற்று உண்மைதானா என ஒரே ஒரு படத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வகை. இது 'சரிபார்த்தல்' எனப்படும். ஒருவர் யார் என்பது தெரியாத நிலையில், பலருடைய படங்கள் அடங்கிய தொகுப்பில் அவரைத் தேடுவது இரண்டாம் வகை. இதனை ஆங்கிலச் சட்டமொழி 'ஐடென்டிஃபிகேஷன்' என்கிறது. தமிழில் 'அடையாளங்காணல்' என்னும் சொல் வழங்குகிறது. முதல் வகையில் தொடர்புடையவர் பெரும்பாலும் தாமே முன்வந்து முகத்தைக் காட்டுகிறார். இரண்டாம் வகையில் தாம் தேடப்படுவதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஐரோப்பியச் சட்டம் இவ்விரண்டையும் தனித்தனியே வரையறுத்து, இரண்டாவதன் மீதே கடுமையான கட்டுப்பாடுகளை விதிக்கிறது. இரண்டையும் 'அடையாளம் உறுதி செய்தல்' என ஒரே தொடரால் குறிக்கும் மொழிபெயர்ப்பு அச்சட்டத்தின் அடிப்படைப் பாகுபாட்டையே அழித்துவிடும்.

மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. வரம்பு மதிப்பு இன்றி, மிக நெருங்கிய சில படங்களை வரிசைப்படுத்தித் தருமாறு அமைக்கப்பட்ட கருவி எப்பொழுதும் யாரேனும் ஒருவரை முதலிடத்தில் நிறுத்தும். உண்மைக் குற்றவாளியின் படம் தொகுப்பில் இல்லாவிடினும் அவ்வாறே நிறுத்தும். முதலிடம் என்பது தொகுப்பிலுள்ள ஏனையோரை விட நெருக்கமானவர் என்பதை மட்டுமே உணர்த்துகிறது.

3. ஒப்புமையும் அடையாளமும்

3.1 டெட்ராய்ட் நிகழ்வு

2018ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரக் கடையொன்றில் கைக்கடிகாரங்கள் திருடப்பட்டன. கண்காணிப்புக் கேமராவில் பதிவான தெளிவற்ற படம் மாநிலக் காவல் துறையின் படத்தொகுப்பில் தேடப்பட்டது. மென்பொருள் கறுப்பினத்தவர் ஒருவரின் ஓட்டுநர் உரிமப் படத்தைக் காட்டியது. அத்தேடலின் விளைவைக் கூறும் அறிக்கை, தான் ஒரு புலனாய்வுத் துப்பு மட்டுமே என்றும், கைது செய்வதற்குரிய காரணம் ஆகாது என்றும் தன் மீதே எழுதிக்கொண்டிருந்தது. ஆயினும் 2020 சனவரியில் அவர் தம் வீட்டின் முன் மனைவியும் மகள்களும் காணக் கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ 30 மணி நேரம் காவலில் வைக்கப்பட்டார். திருடியவர் அவர் அல்லர்.

இங்குக் கருவி பிழைபட்டது என்று கூறி நிறுத்திவிட இயலாது. கருவி தந்தது ஓர் ஒப்புமை. அறிக்கை அதற்கு இட்ட பெயர் துப்பு. அடுத்த நிலையில் அப்படம் ஏனைய படங்களோடு வரிசையாக வைக்கப்பட்டு, கடைக்குத் தொடர்புடைய ஒருவரிடம் காட்டப்பட்டது. அவர் நிகழ்வை நேரில் கண்டவர் அல்லர். கேமராப் பதிவைப் பார்த்தவர். அவர் அப்படத்தையே தேர்ந்தெடுத்தார். இதன் பின் துப்பு அடையாளமாயிற்று. அடையாளம் கைதுக்குரிய காரணமாயிற்று. தாள் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறிய ஒவ்வொரு முறையும் சொல் ஒரு படி வலுப்பெற்றது. சான்றோ முதலில் இருந்த அளவிலேயே நின்றது.

3.2 எண்பது விழுக்காடு

இந்தியாவிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுப்பப்பட்ட வினாவிற்கு 2022ஆம் ஆண்டு தில்லிக் காவல் துறை அளித்த விடையில், ஒப்புமை 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை நேர்மறை விளைவுகளாகக் கொள்ளப்படும் எனவும், அதற்குக் கீழ்ப்பட்டவை பொய்ந்நேர்மறைகளாகக் கொள்ளப்பட்டுத் துணைச்சான்றுடன் மேலும் ஆராயப்படும் எனவும் கூறப்பட்டிருந்தது.

இவ்விடையில் சொற்பொருட் குழப்பம் ஒன்று காணப்படுகிறது. 'பொய்ந்நேர்மறை' என்பது கருவியின் கூற்றை உலகின் உண்மையோடு ஒப்பிட்ட பின் இடப்படும் பெயர். கருவி 'இவர்' என்றது, ஆனால் அவர் அல்லர் என அறியப்பட்ட நிலையைக் குறிப்பது. ஒப்புமை மதிப்பை மட்டும் நோக்கி ஒரு விளைவைப் பொய் என்றோ மெய் என்றோ கூற இயலாது. 95 விழுக்காட்டு ஒப்புமையும் பொய்யாகலாம். 70 விழுக்காட்டு ஒப்புமையும் மெய்யாகலாம். மேலும், 80 விழுக்காட்டு ஒப்புமை என்பது அவர் அவரே என்பதற்கு 80 விழுக்காட்டு வாய்ப்பு உண்டு என்று பொருள்படாது. அளவையின் பெயரும் உண்மையின் பெயரும் ஒன்றாகிவிடும்பொழுது, ஆராய்ந்து அடைய வேண்டிய முடிவு ஆராயும் முன்னரே சொல்லளவில் அடையப்பட்டுவிடுகிறது.

3.3 தமிழ்த் தொடரமைப்பு

இவ்வேறுபாட்டைக் காட்டுதற்குத் தமிழில் நுட்பமான இலக்கணக் கருவிகள் உள்ளன. பின்வரும் தொடர்களை நோக்கலாம்.

(அ) இன்னார் கடையில் இருந்ததை மென்பொருள் காட்டியது.
(ஆ) இன்னார் கடையில் இருந்ததாக மென்பொருள் காட்டியது.

இரண்டிலும் முதன்மை வினை ஒன்றே. முதல் தொடரில் வினையாலமைந்த பெயர் இரண்டாம் வேற்றுமை ஏற்றுள்ளது. இத்தொடரைக் கூறுபவர், இன்னார் கடையில் இருந்தார் என்பதைத் தாமும் மெய்யெனக் கொள்கிறார். இரண்டாம் தொடரில் 'ஆக' என்னும் இணைப்பு அமைந்துள்ளது. இங்குக் கூறுபவர் அச்செய்தியின் மெய்ம்மைக்குப் பொறுப்பேற்கவில்லை. பொறுப்பு மென்பொருளிடம் விடப்படுகிறது. இவற்றோடு 'ஆனால் அவர் அன்று ஊரிலேயே இல்லை' என்னும் தொடரைச் சேர்த்தால் (அ) முரண்படும், (ஆ) முரண்படாது. 'வந்ததைக் கூறினான்', 'வந்ததாகக் கூறினான்' என்னும் இணையிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம்.

'அடையாளம் காணப்பட்டார்' என்னும் வழக்கு முதல் தொடரின் இயல்புடையது. 'காண்' என்னும் வினை வெற்றியைக் குறிப்பது. தேடு, பார் போல முயற்சியை மட்டும் குறிப்பதன்று. 'தவறாக' என்னும் அடை வெளிப்படையாக வந்தாலன்றி, கண்டது சரியே என்னும் பொருள் தானாகவே பெறப்படும். எனவே 'குற்றவாளி செயற்கை நுண்ணறிவின் மூலம் அடையாளம் காணப்பட்டார்' என ஒரு செய்தி எழுதப்படின், அதில் இரு தீர்ப்புகள் ஒருசேர வழங்கப்பட்டுவிடுகின்றன. ஆள் அவரே என்பது ஒன்று. அவர் குற்றம் புரிந்தவர் என்பது மற்றொன்று. 'ஐயத்திற்குரிய ஒருவரை ஒத்திருப்பதாக மென்பொருள் காட்டியவர்' என்னும் தொடர் நீண்டதாயினும் இரண்டு தீர்ப்புகளையும் ஒத்திவைக்கிறது.

4. விழுக்காட்டின் அடித்தளம்

கருவியின் நம்பகத்தன்மையைக் கூறும் எண்களும் சொற்பொருள் ஆய்வுக்கு உட்பட்டவையே. 2017 சூன் மாதம் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நடைபெற்ற ஐரோப்பியக் கால்பந்து இறுதியாட்டத்தை ஒட்டித் தென் வேல்ஸ் காவல் துறை முகமறி கருவியைப் பயன்படுத்தியது. கருவி எழுப்பிய எச்சரிக்கைகள் 2,470. அவற்றுள் 2,297 பொய்யானவை. எச்சரிக்கைகளை அடித்தளமாகக் கொண்டால் பிழை ஏறத்தாழ 93 விழுக்காடு. கேமராவைக் கடந்து சென்ற முகங்கள் அனைத்தையும் அடித்தளமாகக் கொண்டால் அதே பிழைகள் மிகச் சிறிய விழுக்காடாகத் தோன்றும். இரண்டு கணக்குகளும் சரியானவை. அவை விடை கூறும் வினாக்கள் வேறு வேறானவை. தெருவில் நிறுத்தப்பட்டவரைப் பொறுத்தவரை, எச்சரிக்கை எழுந்த பின் அது மெய்யாவதற்குரிய வாய்ப்பு எவ்வளவு என்பதே வினா.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனைத் தெளிவுபடுத்தலாம். ஆயிரம் முகங்களுக்கு ஒன்று என்ற அளவில் பிழைபடும் கருவியின் முன் 50,000 பேர் கடந்து செல்கின்றனர் எனக் கொள்வோம். தேடப்படுவோர் அவர்களுள் ஐவர். நால்வரைக் கருவி சரியாகக் காட்டுகிறது. பொய்யான எச்சரிக்கைகளோ ஏறத்தாழ 50 எழும். 'ஆயிரத்தில் ஒன்றே பிழை' என விளம்பரப்படுத்தப்படும் கருவி, நிறுத்தப்படும் 54 பேருள் நால்வர் அளவிலேயே சரியாக உள்ளது. ஆகவே 'பிழை விழுக்காடு' என்னும் தொடரை மொழிபெயர்ப்போர் எதில் எத்தனை என்பதைத் தொடருக்குள்ளேயே அமைத்தல் வேண்டும்.

பிழை எல்லா மக்களிடத்தும் ஒரே அளவினதாக இருப்பதில்லை என்பதும் அறியத்தக்கது. அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2019 டிசம்பரில் 189 மென்பொருள்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பலவற்றில் பொய்ந்நேர்மறைப் பிழை மக்கட்பிரிவுகளுக்கிடையே 10 மடங்கிலிருந்து 100 மடங்கு வரை வேறுபட்டது. ஆப்பிரிக்க, கிழக்காசிய முகங்களில் பிழை மிகுதியாகக் காணப்பட்டது. ஒரே சராசரி எண் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

5. 'யார்', 'எங்கே': பிரிட்ஜஸ் வழக்கு

கார்டிஃப் நகரக் குடிமகன் ஒருவர் தென் வேல்ஸ் காவல் துறையின் மீது தொடுத்த வழக்கு இத்துறையில் முன்னோடியானது. 2017 டிசம்பரில் கடைத்தெருவிலும், 2018 மார்ச்சில் படைக்கருவிக் கண்காட்சி ஒன்றின் வாயிலில் நடைபெற்ற எதிர்ப்புக் கூட்டத்திலும் தம் முகம் ஒப்புதலின்றிப் பதிவு செய்யப்பட்டதாக அவர் முறையிட்டார். 2019 செப்டம்பரில் கீழ்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2020 ஆகஸ்டு 11ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐந்து காரணங்களுள் மூன்றில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

அவற்றுள் முதலாவது மொழியியலார் கருதத்தக்கது. மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய உடன்படிக்கையின் 8ஆம் உறுப்பின்படி, தனிவாழ்வில் அரசு தலையிடுவதாயின் அத்தலையீடு 'சட்டத்திற்கு இணங்க' அமைதல் வேண்டும். ஏதோ ஒரு சட்டமோ கொள்கை ஆவணமோ இருந்தால் இத்தொடர் நிறைவேறிவிடாது. அதன் சொற்கள் அதிகாரியின் விருப்புரிமைக்கு எல்லை வகுக்கும் அளவிற்குத் தெளிவாக இருத்தல் வேண்டும். இவ்வளவுகோலை வைத்து நீதிமன்றம் இரு வினாக்களை எழுப்பியது. கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்படத் தக்கவர் யார்? கருவி எங்கே நிறுவப்படலாம்? காவல் துறையின் ஆவணங்களில் இரண்டிற்கும் போதிய விடை இல்லை. பட்டியலில் சேர்க்கத் தக்கோரின் வகைகளுள் ஒன்றாக, எவரைப் பற்றித் தகவல் தேவைப்படுகிறதோ அவர் என்னும் பொருள்பட ஒரு தொடர் இடம்பெற்றிருந்தது. எவரைப் பற்றியும் தகவல் தேவைப்படலாம் ஆதலின், இத்தொடர் யாரையும் விலக்கவில்லை. விலக்காத வரையறை வரையறையாகாது.

பாகுபாடு பற்றிய மற்றொரு முடிவும் குறிப்பிடத்தக்கது. மென்பொருள் எத்தகைய முகங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது என்பதை உற்பத்தியாளர் வணிக மறைவு கருதி வெளியிடவில்லை. அந்நிலை புரிந்துகொள்ளத்தக்கதாயினும், இனம், பால் ஆகியவற்றின் அடிப்படையில் கருவி பாரபட்சமுடையதா எனத் தாமே ஆராயும் கடமையிலிருந்து காவல் துறையை அது விடுவிக்காது என நீதிமன்றம் கருதியது. அக்கடமையைப் பிறர்க்கு மாற்றித் தர இயலாது. அதே வேளையில், முகமறி கருவியையே பயன்படுத்தலாகாது என நீதிமன்றம் கூறவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

6. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம்

பிரிட்ஜஸ் தீர்ப்பு எழுப்பிய வினாக்களுக்குச் சட்டத்தின் சொற்களிலேயே விடை கூற முயன்றது ஐரோப்பிய ஒன்றியம். அதன் செயற்கை நுண்ணறிவு ஒழுங்குமுறை 2024/1689 என்னும் எண்ணுடையது. 2024 ஆகஸ்டு 1 முதல் செயலுக்கு வந்தது. தடைகளைக் கூறும் 5ஆம் உறுப்பு 2025 பிப்ரவரி 2 முதல் பொருந்துகிறது. ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் உள்ள வடிவங்களும் சம அதிகாரமுடையவை. எனவே இதனைச் சட்டமாகவும் மொழிபெயர்ப்புத் தொகுதியாகவும் ஒருசேரப் படிக்கலாம்.

6.1 'நிகழ்நேரம்', 'பின்னர்'

பொதுமக்கள் சென்று வரும் இடங்களில் சட்டச் செயலாக்கத்திற்காக 'நிகழ்நேர'த் தொலை உயிரளவியல் அடையாளங்காணல் அமைப்புகளைப் பயன்படுத்துவதை 5ஆம் உறுப்பு தடை செய்து, மூன்று விலக்குகளை அளிக்கிறது. 'நிகழ்நேரம்' என்பது பதிவு, ஒப்பீடு, அடையாளங்காணல் ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்க காலத்தாழ்வின்றி நிகழ்தலைக் குறிக்கும் என 3ஆம் உறுப்பு வரையறுக்கிறது. தடையைச் சுற்றிக் கடந்து செல்வதைத் தவிர்க்கும் பொருட்டு, சிறு காலத்தாழ்வுகளும் அதனுள் அடங்கும் என மேலும் கூறுகிறது. ஆகையால் 'உடனடி' என்னும் தமிழ்ச்சொல் இங்குப் பொருந்தாது. சில நிமிடங்கள் தாழ்த்தி ஒப்பிடும் அமைப்பு 'உடனடி' என்னும் சொல்லின் வெளியே நின்றுவிடும். சட்டம் அதனை உள்ளே நிறுத்த விரும்புகிறது.

இதற்கு மறுதலையான வகையை ஆங்கில வடிவம் 'போஸ்ட்-ரிமோட்' என்னும் கூட்டுச்சொல்லால் குறிக்கிறது. முன்னொட்டு 'தொலை' என்பதைத் தழுவுகிறது போலத் தோன்றி மயக்கம் தருகிறது. ஜெர்மன், பிரெஞ்சு வடிவங்களில் இம்மயக்கம் இல்லை. பின்னர் நிகழ்தலைக் குறிக்கும் அடை முழு அடையாளங்காணலையும் தழுவி நிற்பது தெளிவு. ஆங்கிலத்தை மட்டும் நோக்கித் தமிழாக்குபவர் 'பின்தொலை' என எழுத நேரிடும். 'பின்னர் நிகழும் தொலை உயிரளவியல் அடையாளங்காணல்' என்பதே பொருத்தமானது. இவ்வகை தடை செய்யப்படவில்லை. இதற்கென வேறு நிபந்தனைகள் உள்ளன. எனவே ஒரு செயல் எப்பெயருக்கு உரியது என்பதைப் பொறுத்து அது தடைக்குள் வருவதும் வராததும் அமைகிறது.

6.2 'குறைந்தது', 'மேல்வரம்பு'

விலக்குகளுள் ஒன்று, இணைப்பில் பட்டியலிடப்பட்ட குற்றங்களைப் புரிந்ததாக ஐயுறப்படுபவரைத் தேடுவதற்கு இடமளிக்கிறது. அக்குற்றத்திற்குரிய தண்டனையின் மேல்வரம்பு குறைந்தது நான்கு ஆண்டுகளாக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. இத்தொடரில் 'மேல்வரம்பு', 'குறைந்தது' என்னும் எதிர்ச்சொற்கள் அடுத்தடுத்து வருவதால், மொழிபெயர்ப்பாளர் ஒன்றை மிகையெனக் கருதி விட்டுவிடக் கூடும். 'குறைந்தது நான்காண்டுச் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்' என எழுதினால், கீழ்வரம்பே நான்கு ஆண்டுகளாக உள்ள மிகக் கொடிய குற்றங்கள் மட்டும் அடங்கும். மூலத்திலோ மூன்று மாதம் முதல் நான்காண்டு வரை தண்டனை விதிக்கத்தக்க குற்றமும், அது பட்டியலில் இருப்பின், அடங்கும். ஒரு சொல் விடுபட்டால் சட்டத்தின் பரப்பே மாறிவிடுகிறது.

6.3 'சட்டச் செயலாக்கம்'

ஜெர்மன் வடிவம் இதற்கு 'ஷ்ட்ராஃப்ஃபெர்ஃபோல்குங்' என்னும் சொல்லை ஆள்கிறது. நடந்த குற்றத்தைப் புலனாய்ந்து வழக்குத் தொடுத்தலையே அது வழக்கில் குறிக்கும். ஆனால் சட்டத்தின் வரையறையோ குற்றத்தடுப்பையும் பொதுப் பாதுகாப்பிற்கு எழும் அச்சுறுத்தலைத் தடுப்பதையும் இதனுள் அடக்குகிறது. வழக்குப் பொருளை விட வரையறைப் பொருள் விரிந்தது. இத்தகைய இடங்களில் வரையறை கூறும் பிரிவைப் படியாது சொல்லை மட்டும் நோக்கி மொழிபெயர்த்தல் தவறாக முடியும். தமிழில் 'குற்றப் புலனாய்வு' என எழுதுவதும் இத்தகைய பிழையே ஆகும்.

6.4 'மட்டும்'

இச்சட்டத்தில் பொருட்சுமை மிக்க சிறுசொல் 'மட்டும்' என்பதாகும். நிகழ்நேர அமைப்பின் வெளியீட்டை மட்டும் அடிப்படையாகக் கொண்டு, ஒருவருக்குப் பாதகமான சட்ட விளைவை உண்டாக்கும் முடிவு எதுவும் எடுக்கப்படுதல் கூடாது என்கிறது 5ஆம் உறுப்பு. குற்றக் கணிப்பைப் பற்றிய தடையும் இவ்வாறே அமைந்துள்ளது. ஒருவரின் தன்விவரச் சித்திரிப்பையோ ஆளுமைக் கூறுகளையோ மட்டும் கொண்டு அவர் குற்றம் புரிவாரெனக் கணிப்பதே தடைக்குரியது. குற்றச் செயலோடு நேரே தொடர்புடைய, சரிபார்க்கத்தக்க உண்மைகளைக் கொண்டு மனிதர் செய்யும் மதிப்பீட்டிற்குத் துணையாக அமையும் கருவி தடைக்குள் வராது.

தமிழில் 'மட்டும்' தான் சார்ந்துள்ள சொல்லையே வரையறுக்கும்.

(இ) வெளியீட்டை மட்டும் அடிப்படையாகக் கொண்டு பாதகமான முடிவு எடுக்கப்படுதல் கூடாது.
(ஈ) வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டு பாதகமான முடிவு மட்டும் எடுக்கப்படுதல் கூடாது.

முதலாவதில் வேறு சான்று சேர்ந்தால் முடிவெடுக்க இடமுண்டு. இரண்டாவதில் வேறு சான்று சேர்ந்தாலும் இடமில்லை. 'மட்டும்' இடம் மாறியதால் காவல் துறையின் அதிகாரம் சுருங்கிவிட்டது. இத்தகைய பிழை குடிமக்களுக்குச் சார்பாகத் தோன்றினும் பிழையே.

இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். வேறு சான்று எதுவாயினும் 'மட்டும்' என்னும் நிபந்தனை நிறைவேறிவிடுமா? டெட்ராய்ட் நிகழ்வில் இரண்டாம் சான்று இருந்தது. படவரிசையில் ஒருவர் அப்படத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அவர் முன் வைக்கப்பட்ட முகம், கேமராப் படத்தை மிகவும் ஒத்தது என மென்பொருளே தேர்ந்தது. ஒத்திருப்பவரைத் தேர்ந்து காட்டியபின், அவர் ஒத்திருக்கிறார் என ஒருவர் கூறுவது புதிய சான்றாகாது. 2024 சூனில் எட்டப்பட்ட வில்லியம்ஸ் எதிர் டெட்ராய்ட் நகரம் வழக்கின் இணக்கத் தீர்வு இவ்விடத்தை அடைத்தது. முகமறி விளைவை மட்டும் கொண்டு கைது செய்யலாகாது. அவ்விளைவைத் தொடர்ந்து நேரே நடத்தப்படும் படவரிசைத் தேர்வை மட்டும் சேர்த்துக்கொண்டும் கைது செய்யலாகாது. 'மட்டும்' என்னும் சொல் தான் காக்க வேண்டியவரைக் காக்க வேண்டுமாயின், எஞ்சிய சான்று எத்தகையது என்பதையும் சட்டம் கூறியாக வேண்டும் என்பதை இத்தீர்வு காட்டுகிறது.

6.5 'தேவை', 'இன்றியமையாமை'

மேற்கூறிய விலக்குகளும் 'கண்டிப்பாகத் தேவையான' அளவிற்கே செல்லும். வெறும் தேவைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பயன் தருவது யாவும் தேவை எனப்படலாம். வேறு வழி இல்லாதபொழுதே இன்றியமையாமை எழுகிறது. தமிழில் 'இன்றியமையாத அளவிற்கு' என்பது பொருந்தும். நீதிமன்றத்தின் அல்லது சார்பற்ற ஆட்சி அமைப்பின் முன்னிசைவு வேண்டும். அவசர நிலையில் இசைவின்றித் தொடங்கினால் 24 மணி நேரத்திற்குள் இசைவு கோர வேண்டும். மறுக்கப்பட்டால் பயன்பாட்டை நிறுத்தித் தரவுகளையும் விளைவுகளையும் அழிக்க வேண்டும்.

7. இந்தியச் சட்டங்கள்

இந்தியாவில் காவல் துறையின் முகமறி கருவிகளுக்கெனத் தனியானதொரு மத்தியச் சட்டம் இயற்றப்படவில்லை. ஆயின் கருவிகள் பயன்பாட்டில் உள்ளன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019இல் நாடளாவிய முகமறி அமைப்பிற்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. தமிழ்நாட்டுக் காவல் துறை 2021இல் முகமறி மென்பொருளை அறிமுகப்படுத்தியது. இந்நிலையில், பொதுவான சட்டங்களின் சொற்களே எல்லைகளாக அமைய வேண்டியுள்ளன.

குற்றவியல் நடைமுறை (அடையாளங்காணல்) சட்டம், 2022 'அளவீடுகள்' என்னும் சொல்லை வரையறுக்கிறது. விரல், உள்ளங்கை, பாதப் பதிவுகள், புகைப்படங்கள், கருவிழி மற்றும் விழித்திரைப் பதிவுகள், உடல் மற்றும் உயிரியல் மாதிரிகளும் அவற்றின் பகுப்பாய்வும், கையொப்பம், கையெழுத்து உள்ளிட்ட நடத்தைக் கூறுகள் ஆகியன அதில் அடங்கும். வழக்குத் தமிழில் அளவீடு என்னும் சொல் புகைப்படத்தையோ கையொப்பத்தையோ நினைவூட்டாது. இவ்வரையறை 'என்று பொருள்படும்' என முடியாமல் 'உள்ளடக்கும்' என அமைந்திருப்பதும் கருதத்தக்கது. முன்னது பட்டியலை மூடுகிறது. பின்னது திறந்து வைக்கிறது. திரட்டப்பட்ட பதிவுகள் 75 ஆண்டுகள் வைக்கப்படுவன. அவற்றைக் குற்ற ஆவணங்களோடு இணைத்துச் 'செயல்முறைக்கு உட்படுத்தும்' அதிகாரமும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்திற்கு உண்டு. இச்சொல் முகங்களைத் தானியங்கியாக ஒப்பிடுவதற்கும் இடந்தருவதாகக் கொள்ளப்படக் கூடும்.

எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 அதன் 17ஆம் பிரிவில், எந்தவொரு குற்றத்தையும் தடுத்தல், கண்டறிதல், புலனாய்தல், வழக்குத் தொடுத்தல் ஆகியவற்றின் 'நலன் கருதி'ச் செய்யப்படும் தரவுக் கையாளுகைக்குக் கடமைகள் பலவற்றிலிருந்து விலக்களிக்கிறது. ஐரோப்பியச் சட்டத்தின் 'இன்றியமையாத அளவிற்கு' என்பதோடு 'நலன் கருதி' என்பதையும், பட்டியலிடப்பட்ட குற்றங்கள் என்பதோடு 'எந்தவொரு குற்றம்' என்பதையும் ஒப்பிட்டால் இரு சட்டங்களின் தொலைவு விளங்கும். இவ்விடைவெளியில் குடிமக்களுக்குத் துணையாக நிற்பது, 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் தனிமறைவை அடிப்படை உரிமை என அறிவித்த தீர்ப்பாகும். அரசின் தலையீட்டிற்குச் சட்டத்தின் துணையும், முறையான நோக்கமும், நோக்கத்திற்கு ஏற்ற அளவும் வேண்டும் என்பது அத்தீர்ப்பிலிருந்து பெறப்படுகிறது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு தெளிவாகிறது. அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி மத்தியச் சட்டங்களின் அதிகாரமுறைப் பனுவல் ஆங்கிலமே. எனினும் 1973ஆம் ஆண்டின் அதிகாரமுறைப் பனுவல்கள் (மத்தியச் சட்டங்கள்) சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியிடப்படும் மாநில மொழிபெயர்ப்பு, அம்மொழியில் அச்சட்டத்தின் அதிகாரமுறைப் பனுவலாகவே கொள்ளப்படும். எனவே தமிழாக்கத்தில் 'மட்டும்' இடம் மாறுவது அச்சுப்பிழை என்னும் அளவில் நின்றுவிடாது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில நெறிகள் பெறப்படுகின்றன. கருவியின் செயலைக் கூறுமிடத்து 'ஒப்புமைத் தேடல்', 'ஒத்திருப்பதாகக் காட்டியது' போன்ற பொறுப்பேற்காத தொடர்களை ஆளுதல் நன்று. 'அடையாளங்காணல்' சட்டத்தின் கலைச்சொல்லாக வரும் இடங்களில் அதனை மாற்றுதல் இயலாது. ஆனால் அறிக்கைகளிலும் செய்திகளிலும் சான்றுகளால் உறுதிப்பட்ட பின்னரே அச்சொல்லை வழங்க வேண்டும். சரிபார்த்தலுக்கும் அடையாளங்காணலுக்கும் வெவ்வேறு சொற்கள் வேண்டும். விழுக்காட்டிற்கு அடித்தளம் கூறப்பட வேண்டும். 'மட்டும்', 'குறைந்தது', 'உள்ளடக்கும்' ஆகியவை மூலத்தில் தழுவும் பரப்பையே தமிழிலும் தழுவுகின்றனவா எனத் தனியே சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

டெட்ராய்ட் அறிக்கை தன்னைத் துப்பு என்றே கூறிக்கொண்டது. அச்சொல்லைப் படித்தவர்கள் அதன் பொருளளவில் நின்றிருந்தால் ஒரு தந்தை தம் மகள்களின் கண்முன் விலங்கிடப்பட்டிருக்க மாட்டார். கருவிகளை நெறிப்படுத்தும் சட்டங்கள் இனி இந்திய மொழிகளிலும் எழுதப்படும். காவல் நிலையங்களில் அம்மொழிகளிலேயே படிக்கப்படும். அவை எவ்வளவு காக்கும் என்பது அவற்றின் சொற்கள் எவ்வளவு துல்லியமாக அமைக்கப்படுகின்றன என்பதையும் பொறுத்ததாகும்.